வாப்பாவின் தொப்பியும் ஜுல்னாரின் பாட்டும்

எங்கள் வீட்டில் ஜுல்னாரின் பாட்டு ஓடத் தொடங்கினால் வாப்பா தொப்பி போட்டுக்கொள்வார்.

சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தால் எழுந்து உட்காருவார். கால்மேல் கால் போட்டிருந்தால் இறக்கிவிடுவார். அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் உம்மா, முழங்கையால் சீலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொள்வார். கசட் 'டக்' என்று நிற்கும்வரை யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டி கேட்டு வந்தார். பாட்டைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, அது முடியும்வரை வாசலில் நின்றார். பிறகு மண்வெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

பாட்டு அறபில் இருந்தது. அறபில் யாராவது பாடினால் அது மார்க்கப் பாட்டாகத்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கல்முனையில் அப்போது அப்படி நினைத்தது நாங்கள் மட்டும் அல்ல.

அந்தப் பாட்டின் பொருள் இதுதான்: அவன் என்னை விட்டுப் போய்விட்டான், அவனுடைய வாசனை மட்டும் என் தலையணையில் கிடக்கிறது, இனி நான் எப்படித் தூங்குவேன்.

தேட வேண்டாம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் குழந்தைக்கு முதல் ஊசி போட்ட நாளைப் பற்றி எழுதியிருந்தேன். நான் குழந்தையைப் பிடித்த விதம் பிழை என்று மூன்று வாசகிகள் செய்தி அனுப்பியிருந்தார்கள். பிழையாக இருக்கலாம். நான் எதையும் ஒருமுறை செய்துவிட்டு நான்குமுறை யோசிப்பவள்.

இந்த வாரம் எழுதுவதைப் பத்துமுறை யோசித்தேன். ஏனென்றால் இது என் தம்பியைப் பற்றியது. அவனுக்கு ஸப்ரி என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை, நற்பிட்டிமுனைப் பக்கம் வாய்க்கால் பார்ப்பவன் என்றும் வைத்துக்கொள்வோம். ஆகவே அவன் பெயர் ஸப்ரி அல்ல. அவன் வாய்க்கால் பார்ப்பவனும் அல்ல. தயவுசெய்து யாரும் போய்த் தேட வேண்டாம். பாடகியின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தம்பி சொல்கிறான்.

அச்சுக்கு அனுப்புமுன் இதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் மட்டும் திருத்தம் சொன்னான். ஜுல்னாரின் கவுனைப் பச்சை என்று எழுதியிருந்தேன். அது மயில்கழுத்து நிறமாம்.

கிழிந்த படம்

கசட்டைக் கொண்டுவந்தவர் சாச்சி, உம்மாவின் தங்கை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். முதல் விடுமுறையில் வந்தபோது ஒரு பூப்போட்ட கம்பளி, இரண்டு பால்மா டின், இந்தக் கசட். கசட்டின் மேலட்டையில் ஜுல்னாரின் படம் இருந்திருக்கிறது. படத்தில் தோள் தெரிந்ததால் விமான நிலையத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டாராம். அதனால் பாடுவது யார் என்று எங்களுக்குத் தெரியாது. மார்க்கம் படித்த பெண் என்று நினைத்து உம்மா அவரை 'அந்த ஆலிமா' என்று சொல்லி வந்தார்.

சாச்சிக்குத் தெரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் பின்னாளில் கேட்டேன். "வாப்பா தொப்பியப் போட்டுட்டு இரிக்கக்குள்ள நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

சுனாமியில் கடல் வந்தபோது அந்தக் கசட்டும் போனது. போனவற்றைப் பற்றிப் பெரியவர்கள் கதைத்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை. பாடசாலையில் தங்கியிருந்த நாட்களில் ஸப்ரி மட்டும் ஒருமுறை கேட்டான். உம்மா அவன் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தார். அடுத்த விடுமுறைக்குச் சாச்சி இன்னொன்று கொண்டுவந்தார். அதிலும் படம் கிழிந்திருந்தது.

குரவை

அந்தப் பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் பெண்கள் கூட்டமாகக் குரவையிடுவார்கள். மேடையில் பாடியதைப் பதிந்த கசட் அது. நம் ஊர்க் கலியாணங்களில் மாப்பிள்ளை வந்து இறங்கும்போது பெண்கள் இடுகிற அதே குரவை, நாக்கு மட்டும் கொஞ்சம் வேகம். "அங்கயும் நம்மட மாதிரித்தான்" என்று உம்மா சந்தோஷப்பட்டார்.

எனக்குக் குரவை வராது. இன்றைக்கும் வராது. ஆனால் சின்ன வயதில் எங்கள் தெருவிலேயே நல்ல குரவைக்காரி என்று நான் பெயர் எடுத்திருந்தேன்.

காரணம் இதுதான். ஒரு மாமியின் மகளுடைய கலியாணத்தில் நான் அறை வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் திரைச்சீலைக்குள் ஸப்ரி நின்றான். மாப்பிள்ளை வந்ததும் திரைக்குள்ளிருந்து ஒரு குரவை எழுந்தது. ஜுல்னாரின் கசட்டில் பழகிய குரவை. பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் வாய் ஆச்சரியத்தில் திறந்திருந்தது.

"அல்லாஹ்! இந்தப் புள்ளைக்கி என்ன குரவை கா!" என்றார் ஒரு மூத்தம்மா.

நான் மறுக்கவில்லை. எனக்கு ஒரு தட்டு வட்டிலப்பம் தனியாகக் கிடைத்தது. பாதியைத் திரைக்குள் நீட்டினேன். அதன் பிறகு மூன்று வருடம், எந்தக் கலியாணத்துக்கும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அவனுக்குக் குரல் உடைந்த பிறகு எனக்கு எல்லாக் கலியாணத்திலும் தொண்டை நோவு.

மயில்கழுத்து நிறம்

கையில் போன் வந்த வயதில் ஸப்ரி ஜுல்னாரைக் கண்டுபிடித்தான். ஒரு பெருநாளுக்கு அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் காட்டினான்.

நான் ஒரு முக்காட்டை எதிர்பார்த்திருந்தேன். திரையில் ஒரு பெண், வாசல் நிலையில் முட்டும் அளவுக்குத் தலைமுடி, தரையில் இரண்டு முழம் இழுபடுகிற மயில்கழுத்து நிறக் கவுன். எங்கிருந்தோ அவளுக்கு மட்டும் காற்று வீசியது. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கண்மை அப்படியே இருந்தது.

"வாப்பாக்குச் சொல்லாத" என்றேன். என் வாயில் முதலில் வருவது எப்போதும் இதுதான்.

ஜுல்னாருக்கு இரண்டு முறை மணமுறிவு. ஒருமுறை பாடக்கூடாது என்று வீட்டில் பூட்டி வைத்தார்கள். ஒருமுறை செத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த மாதம் இன்னும் நீளமான கவுனில் மேடைக்கு வந்தார். இதெல்லாம் தம்பி சொன்னது. எந்த நாட்டுக்காரி என்பதில் தம்பிக்கும் இணையத்துக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.

பாட்டுக்குக் கீழே ஆயிரக்கணக்கானோர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் பையன்கள், நடுத்தர வயது ஆண்கள். எல்லா நாட்டுக்காரர்களும். மொழிபெயர்ப்பை அழுத்தி வாசித்தேன். 'எங்கள் ராணி', 'நீ இல்லாவிட்டால் நான் இல்லை', 'வீட்டில் என்னை அடித்த நாளில் இதைக் கேட்டேன்', 'என் நண்பனோடு இதைக் கேட்டேன், இன்று அவனுக்குத் திருமணம்'. கடைசியாகச் சொன்னதை இரண்டு முறை வாசித்தேன். மொழிபெயர்ப்புப் பிழையாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு அதே மாதிரி இன்னும் நாற்பது ஐம்பது பேர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். அத்தனை பேருக்கும் மொழிபெயர்ப்புப் பிழைத்திருக்க முடியாது.

ஸப்ரியிடம் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை கேட்டு

நம் பகுதியில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே போய்க் குடியேற வேண்டும். நான் கலியாணம் செய்தபோது வாப்பா இந்த வீட்டை எனக்குத் தந்துவிட்டு, உம்மாவோடும் ஸப்ரியோடும் வளவின் பின்பக்கத்தில் சின்ன வீடு போட்டுக்கொண்டார். அதனால் யார் வீட்டில் என்ன நடந்தாலும் மற்ற வீட்டுக்குக் கேட்கும்.

அரசாங்க வேலை உள்ள பையனுக்கு எத்தனை வீட்டிலிருந்து ஆள் வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸப்ரி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னான். போகம் முடியட்டும், தண்ணீர்ப் பங்கீடு முடியட்டும், கந்தோர்ச் சோதனை முடியட்டும். இந்த வருடம் சாய்ந்தமருதிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பெண் பட்டதாரி, அமைதியான பிள்ளை. காரணங்கள் முடிந்துவிட்டன.

"நீ கேட்டாச் சொல்லுவான் மகள். நீ ஓம் எடுத்துத் தா" என்றார் உம்மா.

உம்மா சொன்ன எதையும் நான் செய்யாமல் விட்டதில்லை. "கேக்கிறன் உம்மா" என்றேன். கேட்காமல் மூன்று வாரம் 'யோசிக்கிறான்' என்று சொல்லி வந்தேன்.

அப்போது மகளுக்கு மூன்று மாதம். அவள் தூங்க மாட்டாள். என்ன செய்தாலும் தூங்க மாட்டாள். தாய்ப்பால் போதவில்லையா, வயிற்று வலியா, கண்ணூறா, நான் ஏதோ சாப்பிடக்கூடாததைச் சாப்பிட்டேனா என்று யோசித்து யோசித்து நானும் தூங்குவதில்லை. ஒருநாள் ஸப்ரி வேலை முடிந்து சேற்றுச் சப்பாத்தோடு வந்து, ஏணையை ஆட்டிக்கொண்டே போனில் ஜுல்னாரைப் போட்டான். தூக்கம் வராத பெண்ணின் பாட்டில் என் மகள் நான்கு நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

"அறபுல தூங்குது புள்ள. பரக்கத்" என்றார் உம்மா. வாப்பா பின்வீட்டிலிருந்து தொப்பியோடு எட்டிப் பார்த்தார்.

ஏழு நிமிடம்

உம்மா ஒரு மையித்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்த பின்னேரம் கேட்டேன். அவன் ஏணைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஓமா இல்லயா, ஒரு சொல்லுச் சொல்லன்டா தம்பி."

"புள்ள நல்ல புள்ளதான் ராத்தா."

"அப்ப ஓமா?"

"நல்ல புள்ளன்டபடியாத்தான் வேணாங்கிறன்." கயிற்றை இரண்டு தரம் ஆட்டினான். "எனக்குப் பொம்புளப் புள்ளையள்ள மனம் போறல்ல. எப்பயும் போனதில்ல. ஒனக்குத் தெரியுந்தானே."

இதற்குத் தமிழில் இப்போது மரியாதையான சொற்கள் இருக்கின்றன. அவன் ஒன்றையும் பயன்படுத்தவில்லை. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு அவன் அந்தக் கவுனைக் காட்டிய நாளிலிருந்தே தெரியும். ஆனாலும் படித்த பெண் கேட்கக்கூடாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"இந்தப் பாட்டுகளக் கேக்காம விட்டுப் பாத்தியாடா?"

ஸப்ரி என்னைப் பார்த்தான்.

"ராத்தா, வாப்பா இருவது வருசமாக் கேக்கிறார்."

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். குழந்தை அசைந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

பிறகு, அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். ஊரில் நன்றாகப் பாடும் ஆட்கள் இல்லையா?

"அவ அழுறா ராத்தா. பத்தாயிரம் பேருக்கு முன்னால நிண்டு அழுறா. 'ஆம்புளப் புள்ள மாதிரி இரு', 'சத்தம் போடாத', 'ஆக்கள் பாக்காங்க' எண்டு அவக்கு ஆரும் சொல்லல்ல. அழுது முடிய எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டுறாங்க. அவ இன்னொரு உடுப்ப மாத்திட்டு வாறா." கொஞ்சம் யோசித்தான். "நான் ஒருக்காக்கூட உடுப்பு மாத்தல்ல."

போன மாதம் ஒருநாள் ஒலுவில் துறைமுகத்துக்குத் தனியாகப் போனதையும் அப்போதுதான் சொன்னான். சாய்ந்தமருதுக்காரர் நாள் கேட்டு அனுப்பிய அடுத்த நாள். கடலுக்குள் நீளும் கல் அணையில் நடந்து கடைசிக் கல் வரைக்கும் போனானாம்.

"என்னத்துக்கு?"

ஏணையை ஒருதரம் ஆட்டினான். "போய் நிண்டு பாட்டப் போட்டன். ஏழு நிமிசப் பாட்டு. பாதியில நிப்பாட்ட மனமில்ல. முடிஞ்சாப் போல ஒரு மீன்காரர் வந்து, 'தம்பி, பைக் நிண்டுட்டு, கொஞ்சம் பெற்றோல் தாறியளா' எண்டார். குடுத்துட்டு வந்துட்டன்."

நான் எழுந்து போய்ச் சோற்றுப் பானையைக் கழுவினேன். அது ஏற்கெனவே கழுவியிருந்தது.

அன்றிலிருந்து தொழுகைக்குப் பின் என்ன துஆக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். மார்க்கத்தில் இதற்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஏழு நிமிடத்தையும் எனக்குத் தெரியும். அவனுக்கு நல்லதைக் கொடு என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவேன். எது நல்லது என்பதை அல்லாஹ்வுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மஸ்கட் தட்டு

உம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பொய்யைச் சொல்லவும் வரவில்லை. 'யோசிக்கிறான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உம்மா அதை 'ஓம்' என்று எடுத்துக்கொண்டு நாள் கொடுத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். பெண்ணின் வாப்பா, ஒரு மாமா, பெண்ணின் பெரியும்மா ஹாஜரா மாமி. மாமி பதினெட்டு வருடம் குவைத்தில் இருந்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். வாழைப்பழம், தொதல், மஸ்கட் இனிப்பு. பெண்ணின் பட்டச் சான்றிதழைப் பற்றி அவருடைய வாப்பா பத்து நிமிடம் சொன்னார். ஸப்ரி வெள்ளைச் சேட்டுப் போட்டு, கதிரை நுனியில் இருந்தான். கந்தோரில் யாருக்கோ விளக்கம் சொல்ல வந்தவன் மாதிரி இருந்தது.

அப்போது என் மகள் அழத் தொடங்கினாள்.

தூக்கினேன், தட்டினேன், நடந்தேன். வீட்டில் யாரும் கதைக்க முடியவில்லை.

"அந்த அறபுப் பாட்டப் போடன் மனே" என்றார் உம்மா, விருந்தாளிகளுக்குக் கேட்கும்படி. "இவ அதிலதான் தூங்குவா."

ஸப்ரி என்னைப் பார்த்தான். நான் ஹாஜரா மாமியைப் பார்த்தேன். குழந்தை வீறிட்டாள். அவன் எழுந்து வந்து, அவளை ஏணையில் போட்டுப் பாட்டைப் போட்டான்.

வாப்பா சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துப் பெண்ணின் வாப்பாவும் போட்டுக்கொண்டார். மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்தார். தொப்பி போட்ட ஆண்கள் பக்தியோடு இருக்க, ஜுல்னார் தன் தலையணையைப் பற்றிப் பாடினார்.

ஹாஜரா மாமியின் கை மஸ்கட் தட்டுக்கு மேலே நின்றுவிட்டது. பிறகு அவருடைய உதடு அசைந்தது. சொல்லுக்குச் சொல் பாடினார், சத்தமில்லாமல். ஏணைப் பக்கம் திரும்பினார். அங்கே ஸப்ரியின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. மாமி பாடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். குரவை வரும் இடம் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மகள், குடிக்கத் தண்ணி தாங்க" என்று மாமி எழுந்து என் பின்னால் அடுப்படிக்கு வந்தார். தண்ணீரை வாங்கினார். குடிக்கவில்லை.

"நான் வேல செஞ்ச வீட்டில மேடத்துட மூத்த மகன் இதத்தான் கேப்பார். கதவப் பூட்டிட்டு. இப்பிடியே கண்ண மூடிட்டு. கலியாணம் முடிச்சு வச்சாங்க. பொஞ்சாதி பூ மாதிரி." கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் காலத்தால நான்தான் கோப்பி குடுப்பன். ரெண்டு பேரும் அழுதிருப்பாங்க. வேற வேற ரூம்ல."

நான் மேசையைத் துடைத்தேன்.

"ஆர்ட மனசிலயும் என்ன இரிக்கெண்டு நான் கேக்கல்ல. ஒண்டுதான் கேக்கன். உன்ட தம்பிக்கு இந்தக் கலியாணம் விருப்பமா?"

முன்கூடத்தில் உம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. 'ஓம்' என்ற பதிலைத்தான் உம்மா என்னிடம் கேட்டிருந்தார். அடுப்படி வாசலில் திரைச்சீலை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் தம்பி இருந்தான்.

"இல்ல மாமி" என்றேன்.

சொன்ன உடனே திருப்பி எடுக்க முடியுமா என்றும் யோசித்தேன். மாமி அதற்குள் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டார்.

முன்கூடத்துக்குப் போய் நின்றபடியே சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ், நல்ல குடும்பம். ஆனா எங்கட புள்ள இன்னும் சின்னம். படிப்ப முடிக்கட்டும். மறுகா பாப்பம்."

பட்டச் சான்றிதழைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்த பெண்ணின் வாப்பாவுடைய வாயைக் கண்ணாலேயே மூடினார். அந்த வீட்டில் மாமியின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்பது தெரிந்தது.

படலையடியில் செருப்பைப் போடும்போது ஸப்ரியைக் கூப்பிட்டார்.

"அவட புதுப் பாட்டுக் கேட்டியா மகன்?"

"கேட்டன் மாமி."

"குரல் விழுந்துட்டு."

"ஓம் மாமி."

"உடுப்பு நல்லம்" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினார்.

தொப்பி

உம்மா தட்டுகளைச் சத்தமாக அடுக்கினார். முடித்த படிப்பை எப்படி முடிப்பது என்று கேட்டார். வாப்பா மட்டும் இருந்த இடத்தில் இருந்தார். பாட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மனிசிக்கு அறபு தெரியும்" என்றார் வாப்பா. "பாட்டோட சேந்து வாய அசச்சா. இது என்னத்தப் பத்தின பாட்டு?"

"என்னத்தப் பத்தி? அல்லாஹ்வப் பத்தித்தான்" என்றார் உம்மா.

வாப்பா உம்மாவிடம் கேட்கவில்லை. ஸப்ரியிடம் கேட்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"விட்டுட்டுப் போன ஆளப் பத்தி வாப்பா. அவ விரும்பின ஆள். அவக்குத் தூக்கம் வருகுதில்லயாம்."

உம்மாவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. வாப்பா தொப்பியைக் கழற்றினார். முழங்காலில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜுல்னார் பாடினார், பெண்கள் குரவையிட்டார்கள், என் மகள் தூங்கினாள்.

"இருவது வருசமாவா?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா."

வாப்பா மகனைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் திரும்பவும் தலையில் போட்டுக்கொண்டு, பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்தார்.